ஜோன் ஆஃப் ஆர்க்: தோம்ரெமியில் கழிந்த பதினேழு ஆண்டுகள்

பதினைந்தாம் நூற்றாண்டில் ஆங்கிலேயருக்கு எதிராகப் பிரெஞ்சுப் படையை நடத்திய ஜோன் ஆஃப் ஆர்க் போர்க்களத்துக்கு வருவதற்கு முன் எப்படி வாழ்ந்தார், அவர் உண்மையிலேயே ஆடு மேய்த்த ஏழைச் சிறுமிதானா, அவருடைய இளமையைப் பற்றிச் சொல்லப்படுவனவற்றில் எவற்றை நம்பலாம் என்பது கேள்வி. முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அவர் உழவர் குடும்பத்துப் பெண், வறியவர் அல்லர், மந்தைக்குப் பின்னால் தனியே திரிந்தவரும் அல்லர். ஊர்ப் பொறுப்பு வகித்த ஒருவரின் மகளாக, போர் அடிக்கடி வீட்டு வாசல்வரை வந்து திரும்பிய ஓர் எல்லைக் கிராமத்தில் அவர் வளர்ந்தார். அந்த வீட்டையும் அந்த எல்லையையும் விட்டுவிட்டு அவருடைய இளமையைப் பேசினால், பதினேழு வயதில் அவர் செய்தது வானத்திலிருந்து விழுந்த அதிசயம் போலத் தோன்றும். அவற்றோடு சேர்த்துப் பார்க்கும்போது அந்த அதிசயம் குறைந்துவிடுவதில்லை; அது எந்த மண்ணில் நிகழ்ந்தது என்பது தெளிவாகிறது.

பதினைந்தாம் நூற்றாண்டின் ஒரு பிரெஞ்சு உழவர் மகளைப் பற்றி வழக்கமாக நமக்கு எதுவுமே தெரியாது. அரசிகளின் குழந்தைப் பருவமே இருட்டாக இருக்கும் காலம் அது. ஜோனைப் பற்றி மட்டும் இவ்வளவு தெரிந்திருப்பதற்குக் காரணம், அவர் வாழ்க்கையை இரண்டு நீதிமன்றங்கள் துருவித் துருவி விசாரித்ததுதான். ஒன்று அவரைத் தண்டிப்பதற்காகக் கூடியது. மற்றொன்று, அவர் இறந்து இருபத்தைந்து ஆண்டுகள் கழிந்த நிலையில், அந்தத் தண்டனை செல்லாது என்று அறிவிப்பதற்காகக் கூடியது. முதல் வழக்கு 1431-ஆம் ஆண்டு பிப்ரவரி 21 அன்று, ஆங்கிலேயர் வசம் இருந்த ரூவான் நகரில், போவே மறைமாவட்ட ஆயர் பியேர் கோஷோன் முன்னிலையில் வெளிப்படை விசாரணையாகத் தொடங்கியது. அதில் ஜோன் தம் வாயாலேயே தம் ஊரையும் பெற்றோரையும் பற்றிச் சொன்னார். இரண்டாவது வழக்குக்காக 1456-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் தோம்ரெமி, வோகூலேர், தூல் ஆகிய இடங்களில் முப்பத்து நான்கு பேர் சாட்சி சொன்னார்கள். அவருடைய தோழிகள், ஞானப்பெற்றோர், பக்கத்து வீட்டுக்காரர்கள், உறவினர்கள் எல்லோரும் அதில் அடங்குவர்.

இந்த இரண்டையும் கவனமாகப் படிக்க வேண்டும். ரூவானில் கேள்வி கேட்டவர்கள் சூனியத்தின் தடயத்தைத் தேடினார்கள். ஜோன் தம் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு பதில் சொன்னார். 1456-இல் கேள்விகள் முன்கூட்டியே எழுதப்பட்டிருந்தன. அதனால் சாட்சிக்குச் சாட்சி "நல்ல பெண், எளிய பெண், விருப்பத்தோடு கோயிலுக்குப் போவாள்" என்ற ஒரே வாய்ப்பாடு திரும்பத் திரும்ப வருகிறது. கேள்வியில் இல்லாத ஒன்றை, யாரும் கேட்காத ஒரு சிறு செய்தியை, ஒரு சாட்சி தானாகச் சொல்லும் இடங்களையே நான் அதிகம் நம்புகிறேன். அத்தகைய இடங்கள் அங்கே நிறைய உண்டு. இவை தவிர மூன்றாவதாக ஒரு விசாரணையும் நடந்தது. 1431 வழக்குக்காக நிக்கொலா பாயி என்ற எழுத்தரைக் கொண்டு தோம்ரெமியில் ரகசியமாகத் தகவல் திரட்டப்பட்டது. தம் சொந்தத் தங்கையிடம் காண விரும்பாத எதையும் அந்தப் பெண்ணிடம் காணவில்லை என்று விசாரிக்கப் போனவர் சொன்னதாக ரூவான் வணிகர் ஒருவர் பின்னாளில் சாட்சியம் அளித்தார். அந்த அறிக்கை வழக்கு ஆவணங்களில் சேர்க்கப்படவே இல்லை. சேர்க்கப்படாததே அதில் என்ன இருந்திருக்கும் என்பதைச் சொல்லிவிடுகிறது.

பெயரிலிருந்து தொடங்குவது பொருத்தம். ஜோன் என்பது ஆங்கில வழியாக நமக்கு வந்த வடிவம். பிரெஞ்சில் அவர் ழான். புதுச்சேரியில் கப்ஸ் கோயிலுக்கு எதிரே நிற்கும் சிலையைப் பார்த்து வளர்ந்தவர்கள் ழான் தார்க் என்ற பெயரையே கேட்டிருப்பார்கள். அவர் தம்மை அப்படியும் அழைத்துக்கொண்டதில்லை. "என் ஊரில் என்னை ழானெத் என்று கூப்பிட்டார்கள், பிரான்சுக்கு வந்த பிறகு ழான் என்றார்கள்" என்பது நீதிமன்றத்தில் அவர் சொன்ன பதில். இதில் "பிரான்சுக்கு வந்த பிறகு" என்ற சொற்களைக் கவனிக்க வேண்டும். தோம்ரெமி மக்களுக்குப் பிரான்ஸ் என்பது மேற்கே, அரசர் இருக்கும் நிலம்; தாங்கள் அதன் விளிம்பில் இருப்பவர்கள். தம் குடும்பப் பெயரைக் கேட்டபோது, தந்தையின் பெயர் தார்க், தாயின் பெயர் ரொமே, எங்கள் பக்கத்தில் பெண் பிள்ளைகள் தாயின் பெயரைச் சூடிக்கொள்வார்கள் என்றும் சொன்னார். அந்த வழக்கப்படி அவர் ழானெத் ரொமே. உலகம் தந்தை வழிப் பெயரை வைத்துக்கொண்டது.

பிறந்த ஆண்டு 1412-ஐ ஒட்டியது. 1431 பிப்ரவரியில் "ஏறக்குறைய பத்தொன்பது" என்று அவரே சொன்ன வயதிலிருந்து அந்தக் கணக்கு வருகிறது. ஜனவரி 6, மூன்று அரசர்கள் திருவிழா இரவில் பிறந்தார் என்ற செய்தி, அவர் புகழ் பரவிய 1429-ஆம் ஆண்டில் பெர்செவால் தெ பூலன்வீலியே என்ற அரசவைப் பிரபு எழுதிய கடிதத்தில் வருகிறது. அன்று நள்ளிரவில் சேவல்கள் கூவின என்றும் அதே கடிதம் சொல்கிறது. ஊரார் ஒருவர்கூடத் தம் சாட்சியத்தில் அந்த நாளைக் குறிப்பிடவில்லை. ஆகவே அதை அழகான புகழுரையாகக் கொள்வதே நேர்மை.

தோம்ரெமி மியூஸ் ஆற்றின் இடது கரையில் இருக்கிறது. இன்று வோஜ் மாவட்டத்தைச் சேர்ந்தது. அவர் நினைவாக இப்போது அதன் பெயர் தோம்ரெமி-லா-பூசெல், அதாவது கன்னியின் தோம்ரெமி. தெற்கே பத்துக் கிலோமீட்டர் அளவில் நெஃப்ஷாத்தோ என்ற சந்தை நகரமும், வடக்கே இருபது கிலோமீட்டர் அளவில் வோகூலேர் என்ற கோட்டை நகரமும் இருந்தன. ஊர் வழியாக ரோமானியர் காலத்துப் பழைய சாலை ஒன்று சென்றது. வணிகர்களும் துறவிகளும் யாத்திரிகர்களும் அதில் போய்க்கொண்டிருந்தார்கள். ஒதுக்குப்புறத்தில் எதையும் அறியாமல் கிடந்த ஊர் என்ற எண்ணம் இதனாலேயே தவறாகிறது. பாரிசில் நடப்பது சில வாரங்களில் தோம்ரெமிக்குத் தெரியும்.

அரசியல் நிலையோ சிக்கலானது. ஊரின் ஒரு பகுதி பார் என்ற குறுநிலத்தைச் சேர்ந்தது. மற்றொரு பகுதி வோகூலேரின் வழியாக நேரே பிரெஞ்சு அரசருக்கு உட்பட்டது. கிழக்கே லொரேன்; ஆற்றுக்கு அக்கரையில் மாக்சே என்ற ஊர், பிரெஞ்சு இளவரசரின் பகைவரான பர்கண்டிப் பிரபுவின் கட்சியைச் சேர்ந்தது. ஜோனின் குழந்தைப் பருவம் பிரான்ஸ் சிதறிக்கொண்டிருந்த காலம். 1415-இல் அஜின்கூரில் பிரெஞ்சுப் பிரபுக்களின் படை ஆங்கிலேயரிடம் அழிந்தது. 1419-இல் பர்கண்டிப் பிரபு மோந்தரோ பாலத்தில் இளவரசர் சார்லசின் ஆட்களால் கொல்லப்பட்டார். அந்தப் பழியால் பர்கண்டி ஆங்கிலேயருடன் கைகோத்தது. 1420-இல் த்ருவா உடன்படிக்கை இளவரசரை ஒதுக்கிவிட்டு இங்கிலாந்தின் ஐந்தாம் ஹென்றியைப் பிரெஞ்சு அரியணைக்கு வாரிசாக்கியது. 1422-இல் ஹென்றியும் பிரெஞ்சு அரசரும் சில வாரங்களின் இடைவெளியில் இறந்துபோக, ஒரு கைக்குழந்தை இரு நாடுகளுக்கும் அரசன் என்று அறிவிக்கப்பட்டது. அந்தப் பகுதியில் இளவரசரின் பக்கம் உறுதியாக நின்ற கோட்டை வோகூலேர். தோம்ரெமி அதன் நிழலில் இருந்தது.

பெரியவர்களின் பிளவு சிறுவர்களிடம் கல்லெறியாக இறங்கியது. தோம்ரெமிப் பையன்கள் மாக்சேப் பையன்களோடு சண்டையிட்டு, காயப்பட்டு இரத்தம் ஒழுகத் திரும்பி வருவதைத் தாம் பார்த்ததாக ஜோன் நீதிமன்றத்தில் சொன்னார். தாம் அந்தச் சண்டைக்குப் போனதாக நினைவில்லை என்றார். தோம்ரெமியில் பர்கண்டிக் கட்சிக்காரர் ஒருவரே இருந்தார் என்றும், கடவுளுக்கு விருப்பமானால் அவர் தலை வெட்டப்பட்டிருக்கலாம் என்று தாம் நினைத்ததுண்டு என்றும் ஒளிக்காமல் சொன்னார். அந்த ஒருவர் எப்பினாலைச் சேர்ந்த ழெரார்தேன் என்று பொதுவாகக் கருதப்படுகிறது. வியப்பு என்னவென்றால், அவருடைய பிள்ளைக்கு ஜோன் ஞானத்தாய். ஒரே ஊருக்குள் கட்சிப் பகையும் ஞானஉறவும் அப்படிப் பின்னிக் கிடந்தன. ஊரை விட்டுப் போவதற்கு முன் ஜோன் தம்மிடம், நீங்கள் மட்டும் பர்கண்டிக்காரராக இல்லாவிட்டால் ஒன்று சொல்லியிருப்பேன் என்று சொன்னதாகவும், யாரோ ஒரு பையனை மணந்துகொள்ள ஆசைப்படுகிறாள் போலும் என்று தாம் நினைத்துக்கொண்டதாகவும் ழெரார்தேன் 1456-இல் சாட்சி சொன்னார். யாரும் கேட்காமல் அவர் சொன்ன செய்தி இது. ஒரு மூத்த அண்டை வீட்டாரின் நடைமுறை அறிவு எவ்வளவு தூரம் போகும், எங்கே நின்றுவிடும் என்பதை இதைவிட நன்றாகக் காட்டும் ஓரிடம் எனக்குத் தெரியாது.

இனி வீட்டுக்கு வருவோம். தந்தை ழாக் தார்க். தாய் இசபெல், வூத்தோன் என்ற பக்கத்து ஊரிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவர். ரொமே என்ற பெயர் ரோமாபுரிக்கோ அதற்கு இணையான பெரிய திருத்தலத்துக்கோ யாத்திரை போனவர்களுக்கு வழங்குவது. ஜோனுக்கு ழாக்மேன், ழான், பியேர் என்று மூன்று சகோதரர்களும் கத்தரீன் என்ற சகோதரியும் இருந்தார்கள். வீடு கல்லால் கட்டியது. கோயிலுக்கு மிக அருகில், இடையில் தோட்டமும் கல்லறைத் தோட்டமும் மட்டும் இருந்தன. குடும்பத்துக்குச் சொந்த நிலமும் கால்நடையும் இருந்தன. தந்தை அந்த ஊரின் 'துவாயேன்' ஆக இருந்தார். வரி வசூலிப்பது, ஆணைகளை ஊருக்கு அறிவிப்பது, அளவைகளைக் கண்காணிப்பது, காவலுக்கு ஆள் வைப்பது ஆகியவை அந்தப் பொறுப்புக்கு உரியவை. ஊர் மணியம் என்றால் நமக்குப் புரியும்.

இந்தப் பொறுப்பின் கனம் இரண்டு ஆவணங்களில் தெரிகிறது. ஜோனுக்கு ஏழெட்டு வயது இருக்கும்போது, ஆற்றின் நடுவே தீவில் இருந்த ஒரு கோட்டை மனையை ழாக் தார்க் வேறு சிலருடன் சேர்ந்து ஒன்பது ஆண்டுக் குத்தகைக்கு எடுத்தார். கொள்ளைப் படைகள் வரும்போது ஊரின் கால்நடைகளை ஓட்டிக்கொண்டு போய் அடைப்பதற்காகத்தான் அந்த இடம். 1423-இல் கொமெர்சி என்ற இடத்தின் பிரபுவுக்கு ஆண்டுதோறும் காவல் பணம் தருவதாக ஊர் ஒப்பந்தம் செய்துகொள்ள வேண்டியிருந்தது. முழுக் குடும்பத்துக்கு இரண்டு குரோ நாணயம், கைம்பெண்ணின் குடும்பத்துக்கு ஒன்று. தன்னிடமிருந்து தானே காப்பதற்காக ஒரு போர்வீரன் வாங்கும் பணம் அது. அந்த ஒப்பந்தத்தில் துவாயேன் என்ற முறையில் ழாக் தார்க்கின் பெயர் இருக்கிறது. 1425-இல் இன்னொரு கொள்ளைக் கூட்டத் தலைவனின் ஆட்கள் தோம்ரெமியின் மாடுகளை எல்லாம் ஓட்டிக்கொண்டு போனார்கள். ஊருக்கு உரிமையுள்ள சீமாட்டி தம் உறவினரான வோதெமோன் பிரபுவிடம் முறையிட்டு, அவர் ஆள் அனுப்பி மீட்டுத் தந்தார். இந்தப் பேச்சுகள் எல்லாம் ஜோன் நூல் நூற்றுக்கொண்டிருந்த வீட்டில் நடந்தவை. யாருக்கு எவ்வளவு கட்டுவது, எந்தப் பாதையில் படை வருகிறது, எந்தப் பிரபுவின் சொல் எங்கே செல்லும் என்பதைக் காதில் வாங்கிக்கொண்டே அவர் வளர்ந்தார். பின்னாளில் தளபதிகளின் முன்னும் நீதிபதிகளின் முன்னும் அவர் தடுமாறாமல் பேசியதைக் கண்டு வியப்பவர்கள் இந்த அடுப்படியை நினைத்துப் பார்ப்பதில்லை என்பது எனக்கு நெடுநாளைய வருத்தம்.

ஆடு மேய்த்தல் பற்றி: பிப்ரவரி 22 அன்று அவர் சொன்ன பதில் தெளிவானது. தந்தையின் வீட்டில் வீட்டு வேலைகளையே செய்தேன், ஆடுமாடுகளோடு வயலுக்குப் போகவில்லை என்றார். இரண்டு நாள் கழித்து மறுபடி கேட்டபோது அதைச் சற்று விரித்தார்: விவரம் தெரிந்த வயதுக்குப் பிறகு வழக்கமாக மேய்க்கவில்லை, படைவீரர்களுக்கு அஞ்சி மேய்ச்சல் நிலத்துக்கோ தீவுக் கோட்டைக்கோ ஓட்டிப் போகையில் உதவியதுண்டு, சிறுவயதில் மேய்த்தேனா இல்லையா என்பது நினைவில்லை. தந்தையின் முறை வரும் நாட்களில் ஊர் மந்தையை அவர் பார்த்துக்கொண்டதாக ஊரார் சொல்கிறார்கள். ஒவ்வொரு குடும்பமும் முறை வைத்துப் பொது மந்தையைக் காக்கும் ஊரில் அது எல்லாப் பிள்ளைகளுக்கும் உள்ள வேலை. ஆட்டிடைச் சிறுமி என்ற படிமம் விவிலியத்தின் தாவீதை நினைவூட்டியதால் பக்தர்களுக்குப் பிடித்துப்போனது. அவர் பெருமையோடு சொல்லிக்கொண்டதோ வேறு ஒன்றை: தையலிலும் நூற்பிலும் ரூவான் பெண் எவருக்கும் நான் பின்வாங்க மாட்டேன் என்றார். சிறையில், சங்கிலியில் இருக்கும் ஒரு பெண் தன் கைத்தொழிலைப் பற்றி அப்படிச் சொன்னது நெஞ்சில் நிற்கிறது.

எழுத்து அவருக்குக் கற்பிக்கப்படவில்லை. எல்லாவற்றையும் தாயிடமிருந்தே கற்றார். பரலோக மந்திரம், அருள் நிறைந்த மந்திரம், விசுவாசப் பிரமாணம் ஆகியவற்றைத் தாய் சொல்லிக்கொடுத்தார். முதல் நாள் விசாரணையில் பரலோக மந்திரத்தைச் சொல்லிக் காட்டு என்று கோஷோன் கேட்டபோது, என் பாவசங்கீர்த்தனத்தைக் கேட்டால் சொல்கிறேன் என்று ஜோன் பதிலளித்தார். தன் முன் அமர்ந்திருப்பவர் ஆயர் என்பதையும், ஆகவே அவர் முதலில் ஒரு குரு என்பதையும் தாயிடம் மந்திரம் கற்ற பெண் நினைவூட்டிய இடம் அது.

பக்தி அவரிடம் ஊரார் கண்ணுக்குத் தெரியும் அளவில் இருந்தது. வயலில் இருக்கும்போது கோயில் மணி கேட்டால் மண்டியிடுவார். மற்றப் பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருக்க ஒதுங்கி நின்று செபிப்பார். அதற்காகத் தாமும் மற்றவர்களும் கேலி செய்ததாக ழான் வாத்தரேன் என்பவர் ஒப்புக்கொண்டார். சனிக்கிழமைகளில் பெர்மோன் குன்றின் மேலிருந்த மாதா சிற்றாலயத்துக்கு மெழுகுவர்த்தி எடுத்துப் போவார். கோயில்பிள்ளையாக இருந்த பெர்ரேன் திராப்பியே சொன்னது சுவையானது: இரவுச் செபத்துக்கு மணி அடிக்கத் தாம் மறந்த நாட்களில் ஜோன் கடிந்துகொண்டதோடு, ஒழுங்காக அடித்தால் கம்பளி நூல் தருவதாகவும் சொன்னாராம். சிமோனேன் முனியே என்பவர், தாம் சிறுவனாக நோயில் கிடந்தபோது ஜோன் வந்து ஆறுதல் சொன்னதை நினைவுகூர்ந்தார். ழெரார்தேனின் மனைவியோ, வழிப்போக்கரான ஏழைகளைத் தம் படுக்கையில் படுக்கச் செய்துவிட்டு ஜோன் அடுப்பங்கரையில் தூங்க விரும்பினார் என்றார். ஆனால் எனக்கு மிகவும் உண்மையாகப் படுவது தோழி ஒவியெத்தின் சொல். சிறு வயதில் ஜோனின் வீட்டில் அவரோடு ஒன்றாகப் படுத்துறங்கிய தோழி அவர். நீ அளவுக்கு மீறிக் கோயிலுக்குப் போகிறாய் என்று ஆட்கள் சொல்லும்போது ஜோன் வெட்கப்பட்டார் என்று அவர் சொன்னார். புனிதரின் வரலாற்றை மெருகேற்ற நினைப்பவர் யாரும் அந்த வெட்கத்தைக் கற்பனை செய்திருக்க மாட்டார்கள்.

ரூவான் நீதிபதிகள் மிகவும் ஆர்வம் காட்டியது ஒரு மரத்தில். ஊருக்கு அருகே 'பெண்களின் மரம்' என்றும் 'தேவதைகளின் மரம்' என்றும் அழைக்கப்பட்ட பெரிய பீச் மரம் ஒன்றும், அதன் பக்கத்தில் ஓர் ஊற்றும் இருந்தன. காய்ச்சல் கண்டவர்கள் அந்த ஊற்று நீரைக் குடிப்பார்கள். தவக்காலத்தின் நான்காம் ஞாயிறு அன்று ஊர்ப் பிள்ளைகள் ரொட்டி கட்டிக்கொண்டு போய் மரத்தடியில் உண்டு, ஆடிப்பாடி, ஊற்றில் நீர் குடித்துத் திரும்புவது வழக்கம். ஜோனும் போனார், அங்கே பின்னிய மாலைகளைத் தோம்ரெமி மாதா சுரூபத்துக்குச் சூட்டியதும் உண்டு. அவருடைய ஞானத்தாய் ஒருவர் அங்கே தேவதைகளைக் கண்டதாகச் சொல்லியிருந்தார். அது உண்மையா என்று எனக்குத் தெரியாது, நான் எதையும் பார்க்கவில்லை என்றார் ஜோன். விவரம் தெரிந்த பிறகு தாம் அங்கே ஆடியதாக நினைவில்லை, ஆடியதைவிடப் பாடியதே அதிகம் என்றும் சொன்னார். தந்தையின் வாசலிலிருந்து பார்த்தால் தெரியும் புவா ஷெனு என்ற காட்டிலிருந்து அற்புதம் செய்யும் கன்னி ஒருத்தி வருவாள் என்ற பழைய முன்னறிவிப்பைப் பற்றிக் கேட்டபோது, அதில் தமக்கு நம்பிக்கை இருந்ததில்லை என்று மறுத்தார். ஊரின் பழைய நம்பிக்கைகளுக்கு நடுவே வளர்ந்தும், அவற்றைப் பழிக்காமலும், தமது அனுபவத்தோடு கலக்காமலும் அவர் பிரித்து வைத்த விதம் கவனிக்கத்தக்கது.

அந்த அனுபவம் பதின்மூன்றாம் வயதில் வந்தது. கோடைக் காலம், நண்பகல், தந்தையின் தோட்டம். வலப்புறத்திலிருந்து, கோயில் இருந்த பக்கத்திலிருந்து ஒரு குரல் கேட்டது. அந்தத் திசையில் ஒளியும் தெரிந்தது. முதன்முறை மிகவும் அஞ்சிப்போனேன் என்றார். நல்லவளாக நட, அடிக்கடி கோயிலுக்குப் போ என்பதே குரல் முதலில் சொன்னது. பிரான்சுக்குப் போக வேண்டும் என்பது பிறகு வந்தது; ஓர்லியான் நகரைச் சூழ்ந்த ஆங்கிலேயரின் முற்றுகையை நீக்க வேண்டும் என்பது அதற்கும் பிறகு வந்தது, ஏனெனில் அந்த முற்றுகையே 1428 அக்டோபரில்தான் தொடங்கியது. விசாரணையின் தொடக்கத்தில் அவர் 'குரல்' என்று மட்டுமே சொன்னார். பிப்ரவரி 27 அன்றுதான் புனித கத்தரீனம்மாள், புனித மார்கரீத்தம்மாள் என்ற பெயர்களைச் சொல்லி, முதலில் வந்தவர் அதிதூதர் மிக்கேல் என்றும் தெரிவித்தார். மூவரும் அவருக்கு அந்நியர் அல்லர். மாக்சேயின் கோயில் புனித கத்தரீனம்மாளுக்கு உரியது; அவர் பெயரே ஜோனின் சகோதரிக்கும் இருந்தது. மிக்கேல் பிரெஞ்சு அரச குலத்தின் காவலர். ஆங்கிலேயரிடம் விழாமல் நின்ற மோன்-சேன்-மிஷேல் மடத்துக்கோட்டை அவர் பெயரைத் தாங்கியது.

பதின்மூன்று வயது என்றால் ஏறக்குறைய 1425, அதாவது ஊர் மாடுகள் கொள்ளைபோன அதே காலம். இதை வைத்து, அச்சத்தில் பிறந்த மனத்தோற்றமே அந்தக் குரல் என்று முடித்துவிடுபவர்கள் உண்டு. ஏதேதோ நோயின் பெயரைச் சொல்பவர்களும் உண்டு. ஆறு நூற்றாண்டுகளுக்கு அப்பால், அதுவும் மொழிபெயர்க்கப்பட்ட நீதிமன்றக் குறிப்புகளை வைத்து நோய் கணிப்பதை நான் ஏற்பதில்லை. நோயாளியின் குழப்பம் எதுவும் அவருடைய பதில்களில் இல்லை. நம்பிக்கை உள்ளவர்கள் அதை இறைவனின் அழைப்பு என்று ஏற்கிறார்கள். வரலாற்று மாணவர் உறுதியாகச் சொல்லக்கூடியது, அவர் அதைக் கேட்டதாக முழு மனத்தோடு நம்பினார், அதை மறுத்தால் உயிர் தப்பலாம் என்ற நிலையிலும் இறுதியில் அதையே பற்றி நின்றார் என்பதுதான்.

மூன்று நான்கு ஆண்டுகள் அவர் இதை யாரிடமும் சொல்லவில்லை. பங்குக் குருவிடமும் சொல்லவில்லை. பர்கண்டிக்காரர்கள் தடுப்பார்கள் என்ற அச்சம் ஒருபுறம், தந்தை தடுப்பார் என்ற அச்சம் அதைவிடப் பெரிதாக மறுபுறம். அந்த அச்சத்துக்குக் காரணம் இருந்தது. மகள் படைவீரர்களோடு போய்விடுவதாக ழாக் தார்க் கனவு கண்டார். அப்படி நடக்கும் என்று தெரிந்தால் அவளைத் தண்ணீரில் அமிழ்த்திவிடுங்கள், நீங்கள் செய்யாவிட்டால் நானே செய்வேன் என்று மகன்களிடம் சொன்னதாகத் தாய் ஜோனிடம் தெரிவித்தார். படைவீரர்களோடு போகும் பெண் என்றால் அக்காலத்தில் என்ன பொருள் என்பது அந்தத் தந்தைக்குத் தெரியும். அவர் கொடியவராக இருந்ததால் சொன்ன சொல்லாக நான் அதைப் படிக்கவில்லை. அதன் பிறகு வீட்டில் அவர்மேல் கண் வைத்துக் கட்டுப்பாடாக வைத்திருந்தார்கள் என்று ஜோன் சொல்கிறார்.

திருமண முயற்சியும் நடந்தது. இளைஞன் ஒருவன், தன்னை மணப்பதாக ஜோன் வாக்களித்தார் என்று தூல் நகரில் இருந்த ஆயரின் நீதிமன்றத்துக்கு அவரை இழுத்தான். பெற்றோரின் ஆதரவு அவனுக்கு இருந்திருக்கலாம் என்று பலர் கருதுகிறார்கள். ஜோன் தூலுக்குச் சென்று, தாம் எந்த வாக்கும் கொடுக்கவில்லை என்று சத்தியம் செய்து வழக்கிலிருந்து விடுபட்டார். குரலை முதன்முதலில் கேட்டபோதே கன்னிமை காப்பதாக நேர்ந்துகொண்டிருந்தார் என்பதை அங்கே யாரும் அறியார். ரூவானில் இதைத் திருப்பி, நீதான் அவனை வழக்குக்கு இழுத்தாய் என்று குற்றம் சுமத்தியபோது, நான் இழுக்கவில்லை, அவன்தான் இழுத்தான் என்று ஒரே வரியில் பதில் சொன்னார்.

1428 கோடையில் பர்கண்டிப் படை வோகூலேரை நோக்கி வந்ததும், தோம்ரெமி மக்கள் தங்கள் மாடுகளை ஓட்டிக்கொண்டு நெஃப்ஷாத்தோவுக்கு ஓடினார்கள். 'லா ரூஸ்', அதாவது செம்முடிக்காரி, என்று அழைக்கப்பட்ட பெண்ணின் விடுதியில் ஜோனின் குடும்பம் தங்கியது. ஏறக்குறைய பதினைந்து நாட்கள் என்பது ஜோனின் கணக்கு. அந்த விடுதியில் கெட்ட சகவாசத்தில் பணிப்பெண்ணாக இருந்தார் என்று குற்றப்பத்திரிகை எழுதியது. தந்தை தாயின் கண் முன்னே இருந்து விடுதிக்காரிக்கு வீட்டு வேலையில் உதவினார் என்று ஊரார் பலர் சாட்சி சொன்னார்கள். திரும்பி வந்தபோது ஊரின் கோயில் எரிந்து கிடந்தது. திருவிழா நாட்களில் திருப்பலிக்குப் பக்கத்து ஊரான க்ரோவுக்குப் போக வேண்டியதாயிற்று.

அதே ஆண்டில்தான் அவர் முதன்முறையாக வோகூலேருக்குப் போனார். வழி செய்தவர் துரான் லக்சார். ஒன்றுவிட்ட சகோதரியின் கணவர், வயதில் மூத்தவர் என்பதால் ஜோன் அவரை மாமா என்றே அழைத்தார். பூரே என்ற ஊரில் லக்சாரின் வீட்டில் தங்கி, அங்கிருந்து கோட்டைத் தலைவர் ரொபேர் தெ போத்ரிகூரைச் சந்தித்து, இளவரசரிடம் தம்மை அனுப்பும்படி கேட்டார். இரண்டு அறை கொடுத்துத் தகப்பன் வீட்டில் கொண்டுபோய் விடு என்று போத்ரிகூர் லக்சாரிடம் சொன்னார். ஜோன் திரும்பினார். ஆனால் தளரவில்லை, அந்த ஆண்டு அருளப்பர் திருநாளுக்கு முந்தைய நாள், கூசேக்கும் வோகூலேருக்கும் இடையே ஒரு பெண் இருக்கிறாள், ஓராண்டுக்குள் பிரான்ஸ் அரசருக்கு முடிசூட்டுவாள் என்று தம்மிடம் சொன்னதாக மிஷேல் லெபுவேன் என்ற ஊர்க்காரர் கூறினார்.

1429 ஜனவரியில், பிள்ளைப்பேற்றை எதிர்நோக்கியிருந்த லக்சாரின் மனைவிக்குத் துணையாக இருக்கப் போவதாகச் சொல்லிவிட்டு ஜோன் மறுபடி புறப்பட்டார். பக்கத்து வீட்டு மோன்ஜெத்திடம் உன்னைக் கடவுளிடம் ஒப்படைக்கிறேன் என்று விடைபெற்றார். உயிர்த்தோழி ஒவியெத்திடம் மட்டும் சொல்லவில்லை. அவள் போனது தெரிந்ததும் நான் மிகவும் அழுதேன் என்று இருபத்தேழு ஆண்டுகளுக்குப் பிறகும் ஒவியெத் சாட்சிக் கூண்டில் சொன்னார். பெற்றோரிடமும் சொல்லவில்லை. எல்லாவற்றிலும் கீழ்ப்படிந்தேன், இந்த ஒன்றைத் தவிர. நூறு தந்தையரும் நூறு தாயரும் இருந்தாலும், அரசரின் மகளாகவே இருந்தாலும் போயிருப்பேன் என்றார் ஜோன். பெற்றோர் ஏறக்குறையச் சித்தம் கலங்கிப்போனார்கள் என்பதையும் அவரே சொன்னார். பிறகு கடிதம் எழுதச் செய்து மன்னிப்புக் கேட்டார், அவர்கள் மன்னித்தார்கள்.

வோகூலேரில் வண்டிச் சக்கரம் செய்யும் ஆன்றி லெ ருவாயேயின் வீட்டில் தங்கி, அவர் மனைவி கத்தரீனோடு நூல் நூற்றுக்கொண்டே காத்திருந்தார். பிள்ளைப்பேற்றுக்குக் காத்திருக்கும் பெண்ணுக்குப் போல அவருக்கு நாட்கள் நகரவில்லை என்று கத்தரீன் சொன்ன உவமை அப்படியே பதிவாகியிருக்கிறது. ழான் தெ மெட்ஸ் என்ற இளம் வீரர் கேட்டபோது, என் ஏழைத் தாயின் பக்கத்தில் அமர்ந்து நூற்கவே எனக்கு ஆசை, இது என் வேலை அன்று. ஆனாலும் போகத்தான் வேண்டும், ஏனெனில் என் ஆண்டவர் அதை விரும்புகிறார் என்றார். அந்த வீரர் அவருடைய கையில் கை வைத்து உடன் வருவதாக வாக்களித்தார். போத்ரிகூர் கடைசியில் இசைந்தார். வோகூலேர் மக்கள் ஆண் உடை தைத்துக் கொடுத்தார்கள். லக்சாரும் இன்னொருவரும் சேர்ந்து பன்னிரண்டு பிராங்குக்குக் குதிரை வாங்கினார்கள். பிப்ரவரியில் ஒருநாள் ஆறு ஆண்கள் துணைவர, ஒரு வாளைக் கொடுத்து, போ, நடப்பது நடக்கட்டும் என்று கோட்டைத் தலைவர் வழியனுப்பினார். பகைவரின் நிலத்தைக் கடந்து பதினோரு நாளில் அவர்கள் ஷினோனில் இருந்த இளவரசரின் அவையை அடைந்தார்கள்.

அதே ஆண்டு ஜூலை 17 அன்று ரான்ஸ் நகரப் பேராலயத்தில் அந்த இளவரசர் ஏழாம் சார்லசாக முடிசூடியபோது, ழாக் தார்க் அந்த நகரில் இருந்தார். தண்ணீரில் அமிழ்த்துவேன் என்று சொன்ன தந்தை 'கோடுபோட்ட கழுதை' என்ற பெயர் கொண்ட விடுதியில் தங்கியிருந்தார். அவர் செலவை நகரமே ஏற்றது. ஜூலை 31 அன்று அரசர் ஓர் ஆணை பிறப்பித்தார். கன்னி ழானின் வேண்டுகோளுக்கு இணங்கி, தோம்ரெமி, க்ரோ ஆகிய இரண்டு ஊர்களின் மக்களும் இனி அரச வரி கட்ட வேண்டியதில்லை. அந்த ஊரில் வீடு வீடாகச் சென்று வரி வாங்கும் பொறுப்பு ஒரு காலத்தில் அவர் தந்தையுடையதாக இருந்தது.